சின்ன விஷயத்துக்கு மனசு ஏன் இப்படிக் குதிக்கிறது? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

போன மாதம் ஒரு மதியம் மேலாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" அவ்வளவுதான். அப்போது மணி இரண்டு. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, விரல் நுனி சில்லிட்டது. செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே மூடிவிட்டு, எதில் மாட்டினோம் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்ட ஆரம்பித்தேன். பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே வார்த்தைகளில் அதே செய்தி வந்திருந்தது, மூன்றரை மணிக்கு. அவர் "சரிங்க" என்று பதில் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார்.

அவர் தைரியசாலி, நான் கோழை என்று இதைப் படிக்க வேண்டாம். செய்தியைப் படித்ததற்கும் வயிறு கலங்கியதற்கும் நடுவில் எனக்குள் ஒரு வரி ஓடியிருந்தது: "அறிக்கையில விட்ட தப்பைப் பாத்துட்டாங்க, நம்ம கதை முடிஞ்சுது." அவருக்குள் என்ன ஓடியது என்று பிற்பாடு கேட்டேன். "ஏதாவது தேதி மாத்தணும்பாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் இந்த நடு வரிக்கு 'தானாக எழும் எண்ணம்' என்று பெயர் வைத்தார். ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் தொடங்கிய சிகிச்சை முறை இதையே ஏ, பி, சி என்று பிரிக்கிறது. ஏ என்பது நடந்தது. பி என்பது அதைப் பற்றி நாம் நம்பியது. சி என்பது அதனால் வந்த உணர்ச்சியும், அந்த வேகத்தில் நாம் செய்ததும். ஆனால் பேச்சில் நாம் ஏயிலிருந்து நேராக சிக்குத் தாவிவிடுகிறோம். "அவர் அப்படிச் சொன்னார், எனக்குக் கோபம் வந்தது" என்கிறோம். பி ஓடி முடிய ஒரு நொடிகூட ஆவதில்லை. அதனால் அது கண்ணில் படுவதில்லை.

அந்த பியைப் பிடித்துச் சோதிக்கும் வழிகள் கீழே. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்: பிளக் சொருகியிருக்கிறதா?

நேற்றிரவு சரியாகத் தூங்கினீர்களா? கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது? உடம்புக்கு முடியவில்லையா? 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்குச் சங்கடமான படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். ஆபத்தைக் கண்டு மணியடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட அவர்களுக்கு 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. படம் என்னவோ ஒன்றுதான்.

இந்த நிலையில் எழும் எண்ணங்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது; ஜெயிக்கவும் தேவையில்லை. சாப்பிடுங்கள், தூங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுதிய நீண்ட செய்தியைக் காலை வரை அனுப்பாமல் வைத்திருங்கள். காலையிலும் அதே வரி அதே காட்டத்தோடு இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

வரியைப் பிடிப்பது

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. இதைச் சரியாகச் செய்யாமல் கீழே எதைச் செய்தாலும் வேறு வண்டியைப் பழுது பார்த்த கதைதான்.

ஒரு தாளில் எழுதுங்கள். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். மனசு எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. "அவர் என்னை மதிக்கவில்லை" என்று எழுதினால் அது யாரோ ஒருவர் கொடுத்த புகார் மனு மாதிரி இருக்கும். உள்ளே ஓடியது "என்னையெல்லாம் ஒரு ஆளா மதிச்சானா பாரு" என்பதாக இருந்திருக்கும். அந்த 'எல்லாம்' என்ற சொல்லில்தான் வலி. அதைத் திருத்தி எழுதிவிட்டால் பழுது இருந்த இடமே காணாமல் போய்விடும்.

எழுதியது கேள்வியாக இருந்தால் அது இன்னும் முழு வரி இல்லை. "ஏன் இன்னும் கூப்பிடல?" என்பதைச் சோதிக்க முடியாது, அதற்கு மனசு ஏற்கெனவே கொடுத்துவிட்ட பதிலைச் சோதிக்கலாம். "நான் அவளுக்கு முக்கியமில்ல." அதை எழுதுங்கள்.

அடுத்தது, உணர்ச்சி வேஷம் போட்ட எண்ணம். "அவங்க என்னை ஒதுக்குறாங்கன்னு ஃபீல் பண்றேன்" என்பதில் உணர்ச்சி எதுவும் இல்லை. அவர்கள் ஒதுக்குகிறார்கள் என்பது ஒரு கணிப்பு, தப்பாகவும் இருக்கலாம். அதனால் வந்த வருத்தம்தான் உணர்ச்சி. அதில் சரி, தப்பு கிடையாது. 'ன்னு' சேர்த்துச் சொல்ல முடிந்தால் அது எண்ணம். ஒற்றைச் சொல்லில் அடங்கினால் உணர்ச்சி: கோபம், பயம், வருத்தம், வெட்கம், குற்றவுணர்ச்சி. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

எழுதிய வரி உணர்ச்சியின் அளவுக்குச் சின்னதாகத் தெரிந்தால், "அது உண்மைன்னே வச்சுக்குவோம், அதனால என்ன?" என்று இறங்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். என் விஷயத்தில் "தப்பைப் பாத்துட்டாங்க" என்பதில் தொடங்கி, "இனிமே என்னை நம்ப மாட்டாங்க", "வேலை போயிடும்" என்று இறங்கி, "நான் இதுக்கெல்லாம் லாயக்கில்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்பதில் வந்து நின்றது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு வயிறு கலங்காது. இந்தக் கடைசி வரிக்குக் கலங்கும்.

அறிகுறி: செய்தியைப் பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை, மனசு நிலைகொள்ளவில்லை

என்ன உணர்ச்சி என்று முதலில் பாருங்கள். வரியைக் கண்டுபிடிக்க அதுவே துப்பு. கோபமாக இருந்தால் உள்ளே "இவ்ளோ திமிரா" என்ற மாதிரி ஏதோ ஓடியிருக்கிறது, அதாவது யாரோ ஒரு நியாயத்தை மீறிவிட்டார்கள். பயமாக இருந்தால் ஆபத்தைப் பற்றிய வரி: "என்னமோ ஆயிடுச்சு." வருத்தமாக இருந்தால் இழப்பு: "முன்ன மாதிரி இல்ல." குற்றவுணர்ச்சியாக இருந்தால் "நான்தான் ஏதோ தப்பா சொல்லிட்டேன்." ஒரே நீல நிற டிக்கைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாக வாடுவது இதனால்தான்.

நான்குக்கும் பழுது ஒன்றே: அடுத்தவர் மனசைப் படித்துவிட்டதாக நினைப்பது. இதற்குச் சோதனை எளிது. நீங்கள் கடைசியாக ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு உடனே பதில் போடாமல் விட்டது எப்போது, ஏன்? யோசித்துப் பதில் போடலாம் என்று வைத்திருப்பீர்கள். கை வேலையாக இருந்திருக்கும். மறந்திருப்பீர்கள். அந்தக் காரணங்களை அப்படியே எதிராளிக்கும் கடன் கொடுங்கள். நம் தாமதத்துக்குச் சூழ்நிலை காரணம், அடுத்தவர் தாமதத்துக்குக் குணம் காரணம் என்று கணக்குப் போடும் வழக்கத்தைச் சமூக உளவியலில் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் எல்லாரும் செய்வதுதான்.

காரணப் பட்டியல் போட்டும் அடங்கவில்லையென்றால் ஒரே ஒரு முறை நேராகக் கேளுங்கள்: "அந்த விஷயம் என்னாச்சு, நேரம் கிடைச்சா சொல்லுங்க." "ஏன் பதிலே போடலை?" என்று கேட்டால், உங்கள் மனசிலிருக்கும் தீர்ப்பை அனுப்பிவிட்டு விளக்கம் கேட்பதாகிவிடும்.

அறிகுறி: சின்ன விஷயம், பெரிய கோபம்

என் தோழி ஒருத்தி கழுவாமல் கிடந்த ஒரு தட்டுக்காக வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். கால் கிலோ தேறாத தட்டு. பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது வந்த வரி: "இந்த வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்காரி." தட்டு அந்த வரியைத் தட்டிவிட்ட சுவிட்ச், அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்களுக்கோ தட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் "ஒரு தட்டுக்கா இவ்வளவு?" என்றார்கள். அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கோபத்தின் வரியில் 'ணும்' இருக்கிறதா என்று தேடுங்கள். "சொல்லாமலே தெரிஞ்சிருக்கணும்." "வரிசைன்னா வரிசைல நிக்கணும்." நாம் ஒரு விதி வைத்திருக்கிறோம், அடுத்தவர் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. 'ணும்' என்பதை எடுத்துவிட்டு 'ருந்தா நல்லா இருக்கும்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். "சொல்லாமலே தெரிஞ்சிருந்தா நல்லா இருக்கும்." எரிச்சல் அப்படியே இருக்கும், கொதிப்பு ஒரு படி இறங்கும். விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தட்டைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். வேலைப் பங்கீட்டைப் பற்றி இன்னும் அவசியமாகப் பேச வேண்டும். கொதிப்போடு பேசினால் தட்டோடு நின்றுவிடும்.

செய்யக் கூடாத ஒன்று: கத்தித் தீர்ப்பது, தலையணையைக் குத்துவது. உள்ளே வைத்திருந்தால் வெடித்துவிடும் என்று நம்மிடம் பிரஷர் குக்கர் கணக்கு ஒன்று இருக்கிறது. பிராட் புஷ்மன் 2002இல் 600 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார். எரிச்சல் மூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் ஏறித்தான் இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். குத்தும்போதும் அதே வரியைத்தானே திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம்.

அறிகுறி: நாலு பேர் முன்னால் பேசப் போனால் நெஞ்சு படபடக்கிறது

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் புதிதாக வந்திருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகு இங்கே வாருங்கள்.

படபடப்பு வெறும் துடிப்புதான். அதற்கு என்ன அர்த்தம் என்பதை நாம்தான் ஒட்டுகிறோம். 1962இல் ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் இருவரும் சிலருக்கு அட்ரினலின் ஊசி போட்டார்கள். நெஞ்சு துடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள் அதை ஊசியின் வேலை என்று விட்டுவிட்டார்கள். சொல்லப்படாதவர்கள், கூட இருந்தவர் குதூகலித்தால் தாங்களும் குதூகலித்தார்கள், அவர் சிடுசிடுத்தால் இவர்களும் சிடுசிடுத்தார்கள். பின்னாளில் இதைத் திரும்பச் செய்தவர்களுக்கு இவ்வளவு சுத்தமான முடிவு கிடைக்கவில்லை. துடிப்பு எந்தப் பக்கமும் சமமாகச் சாய்ந்துவிடுவதில்லை. ஆனாலும் ஒட்டுகிற பெயருக்கு வேலை உண்டு என்பது வரை நிற்கிறது.

பெயர் தப்பாக ஒட்டினால் ஒரு சுழல் தொடங்கும். துடிக்கிறது, "ஐயோ எனக்கு என்னமோ ஆகுது", பயம், அதனால் இன்னும் துடிப்பு, "பாத்தியா, நிஜமாவே ஆகுது." திடீர்ப் பீதி இப்படித்தான் ஊதிப் பெருகுகிறது என்று டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். துடிப்பை நிறுத்தப் பார்க்காதீர்கள். நடு வரியை மட்டும் மாற்றுங்கள்: "உடம்பு தயாராகுது." 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் செய்த சோதனைகளில், பேசுவதற்கு முன் "உற்சாகமா இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "அமைதியா இருக்கேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஓடுகிற வண்டிக்குத் திடீர் பிரேக் போடுவதைவிடத் திருப்பிவிடுவது சுலபம்.

அறிகுறி: எல்லாரும் பார்த்துட்டாங்க, மானம் போச்சு

பார்த்திருக்க மாட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான படம் அச்சடித்த ஒரு டி-சட்டையை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் சட்டைக்காரர்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். 2000இல் வெளியான ஆய்வு அது. மற்றவர்களும் தங்கள் சட்டையைப் பற்றிய கவலையில்தான் இருந்திருப்பார்கள்.

அறிகுறி: படுத்தால் அதே நினைப்பு, விரட்ட விரட்ட வருகிறது

விரட்டுவதுதான் பழுது. டேனியல் வெக்னர் 1987இல் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்று சொல்லி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகக் கரடி வந்தது.

கவலைக்கு நேரம் ஒதுக்குங்கள். பகலில் அரை மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம், படுக்கையில் மட்டும் வேண்டாம். இரவில் வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு "நாளைக்கு ஆறு மணிக்கு" என்று தள்ளிப்போடுங்கள். விரட்டுவது வேறு, தள்ளிப்போடுவது வேறு. தள்ளிப்போட்டால் மனசு அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை. மறுநாள் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பாதி ஊசிப்போயிருக்கும். மீதியை எடுத்து, அதில் இருக்கும் "ஏன்" எல்லாவற்றையும் "அடுத்து என்ன" என்று மாற்றுங்கள். "ஏன் எனக்கே இப்படி நடக்குது" என்ற கேள்விக்கு விடியும்வரை பதில் தேடலாம். "நாளைக்கு யாரைக் கூப்பிடணும்" என்பது ஒரு நிமிடத்தில் முடியும்.

அறிகுறி: எண்ணத்தை மாற்றிவிட்டேன், உணர்ச்சி மாறவில்லை

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

தப்பான வரியைத் திருத்தியிருப்பீர்கள். மேலே கிடந்த வரியோடு வாதாடிவிட்டு, அடியில் இருக்கிறதை விட்டிருப்பீர்கள். சரியான வரி கையில் கிடைத்தால் எழுதும்போதே சுருக்கென்று இருக்கும், சில பேருக்குக் கண் கலங்கும். அப்படி எதுவும் ஆகவில்லையென்றால் திரும்ப இறங்குங்கள்.

அல்லது, நம்பாத ஒன்றை ஒட்டியிருப்பீர்கள். "நான் லாயக்கில்லாதவன்" என்பதன் மேல் "நான் மகத்தானவன்" என்று ஒட்டினால் பசை பிடிக்காது. நேர்மறையாக நினை என்கிற உபதேசம் எனக்கு ஒவ்வாதது இதனால்தான். அது ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொரு பொய்யை வைக்கச் சொல்கிறது. மாற்று வரிக்கு அழகு தேவையில்லை, ஆதாரம் போதும். "இந்த அறிக்கைல ஒரு தப்பு விட்டேன். போன ஆறு அறிக்கைல விடல." சப்பென்று இருக்கிறதா? பரவாயில்லை. அதை மறுத்துப் பேச மனசால் முடியாது.

மூன்றாவது, அறிவுக்குப் புரிந்தது உடம்புக்கு இன்னும் எட்டவில்லை. கிளம்பிவிட்ட அட்ரினலின் வடியவே பல நிமிடம் பிடிக்கும். பல வருடப் பழக்கம் ஒரு தாள் எழுதியதும் போய்விடாது. இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். "சந்தேகம் கேட்டா முட்டாள்னு நினைப்பாங்க" என்பது வரியா? நாளைக்கு ஒரே ஒரு சந்தேகம் கேளுங்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, நடந்ததையும் பக்கத்தில் எழுதுங்கள். இப்படி நாலைந்து தடவை கண்ணால் பார்த்த பிறகுதான் வயிறு நம்பத் தொடங்கும்.

இங்கே கழற்றாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை ஓடாமல் இருந்தால் இது வீட்டில் பார்க்கிற பழுதில்லை. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். "நான் இல்லாம போனாத்தான் எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி வரி ஓடினால் அதைத் தாளில் எழுதிச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

அறிகுறி: சோதித்துப் பார்த்தேன், எண்ணம் சரிதான்

இப்படியும் ஆகும். உங்களை நிஜமாகவே யாரோ மட்டம் தட்டுகிறார்கள் என்றால், வரியில் பழுதில்லை. பழுது வெளியே இருக்கிறது. கோபம் வருவதுதான் முறை. அந்த இடத்தில் எண்ணத்தை மாற்றச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பேச வேண்டியதைப் பேசுங்கள், முடியாவிட்டால் விலகும் வழியைப் பாருங்கள்.

பெரும்பாலும் ஒரு வரியில் பாதி சரியாக இருக்கும். என் மேலாளர் நான்கு மணிக்குக் கூப்பிட்டது அந்த அறிக்கைக்காகத்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கூட்டுத்தொகை தப்பு. முதல் பாதியை நான் சரியாகத்தான் கணித்திருந்தேன். "கதை முடிஞ்சுது" என்பது மட்டும்தான் என் கைச்சரக்கு. திருத்திக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை நான் பழைய மின்னஞ்சல்களை எல்லாம் புரட்டினேன். அந்த அறிக்கையை மட்டும் திறக்கவில்லை. திறந்து பார்க்கப் பயம்.

போன வாரம் மறுபடி அதே செய்தி வந்தது. "அஞ்சு நிமிஷம் பேசலாமா?" வயிறு மறுபடியும் பிசைந்தது. "பேசலாங்க, எதைப் பத்தின்னு சொன்னா எடுத்து வச்சுக்கிட்டு வந்துடுவேன்" என்று பதில் போட்டேன்.